திருமணிமுத்தாற்றில் பாட்டிலை முக்குவதற்கு முன்

கழிவுநீரைச் சோதித்தால் ஊரின் உடல்நிலை தெரிந்துவிடும் என்ற பேச்சு கொரோனாவுக்குப் பிறகு பரவலாகிவிட்டது. பேச்சில் தப்பில்லை. மும்பையில் 2001 முதல் போலியோ வைரஸைச் சாக்கடை நீரில் தேடி வருகிறார்கள். ஆனால் முடிவுக்குப் பொருள் இருக்க வேண்டுமென்றால், மாதிரி எடுக்கும் இடத்துக்கு யாருடைய கழிவு வந்து சேர்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். சேலத்தில் சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

இங்கே ஒரு தெருவில் பாதாளச் சாக்கடை இருக்கும், அடுத்த தெருவில் செப்டிக் டேங்க், அதற்கும் அப்பால் நேராக ஓடையில் விழும் குழாய். புறநகரில் மனை பிரித்து வீடு எழும்பிய பிறகுதான் குழாய் போய்ச் சேர்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தின் நுழைவாயிலில் மட்டும் மாதிரி எடுத்தால், குழாயோடு இணைந்த வீடுகளின் கணக்குதான் கிடைக்கும். வேகமாக வளரும் பகுதி அந்தக் கணக்கில் வரவே வராது. ஆகவே சோதனைக்கூடத்துக்கு முன்னால் வரைபடம். எந்தக் குழாய், எந்த ஓடை, எத்தனை வீடு, நடுவில் என்ன பட்டறை என்று நடந்து பார்த்துக் குறிக்க வேண்டும். சேர்வராயன் மலையில் பிறந்து ஊரைக் கடந்து நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேரும் திருமணிமுத்தாற்றுக்கு, நகருக்குள் நுழையும் முன் ஓர் ஒப்பீட்டு மாதிரி கட்டாயம். அது இல்லாமல் கீழே எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு பேசுவதில் பயனில்லை.

செப்டிக் டேங்க் லாரியில் இருந்து மாதிரி எடுத்தால் ஆயிற்றே என்று சிலர் கேட்பதுண்டு. அந்தக் கசடு மாதக்கணக்கில், சில வீடுகளில் ஆண்டுக்கணக்கில் தேங்கியது. குடற்புழு முட்டை தேட அது நல்ல இடம். இந்த வாரம் என்ன நோய் சுற்றுகிறது என்று கேட்டால் அதனிடம் பதில் இருக்காது.

எடுக்கும் முறை: 121 டிகிரியில் 15 நிமிடம் கிருமி நீக்கிய பாட்டில், பாக்டீரியாவுக்கு 250 மில்லி, வைரஸுக்கு ஒரு லிட்டர். விளிம்புவரை நிரப்பாமல் குலுக்க இடம் விடுங்கள். காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் வீடுகளின் கழிவு அதிகம் வரும். ஒரே முறை முகப்பதென்றால் அந்த நேரம். முடிந்தால் மணிக்கு 100 மில்லி வீதம் 24 மணி நேரம் சேர்த்த கலவை இன்னும் நம்பகமானது. குளோரின் போட்ட நீர் என்றால் 120 மில்லி நீருக்கு, குளோரினை முறிக்கும் 10 சதவீத சோடியம் தயோசல்பேட் கரைசல் 0.1 மில்லி வீதம் பாட்டிலில் முன்கூட்டியே இருக்க வேண்டும். விட்டுவிட்டால் வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே வரும், அறிக்கை பொய்யாக அழகாக இருக்கும். ஐஸ் பெட்டியில் 4 டிகிரி அளவில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்குவது நல்லது. 24 மணி நேரம் கடைசி எல்லை. சேலத்துச் சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் வந்த பாட்டிலுக்குள் பாக்டீரியா வழியிலேயே பெருகியிருக்கும். உறைய வைத்தாலும் கெட்டது, வளர்ப்புச் சோதனைக்குரிய செல்கள் செத்துப்போகும்.

மேன்ஹோலுக்குள் யாரும் இறங்கக் கூடாது, எவ்வளவு ஆழம் குறைவாக இருந்தாலும். சாக்கடையில் உண்டாகும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் மூக்கின் உணர்வைத்தான் பறிக்கும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தானது. மூடியைத் திறந்து காற்றோட்டம் விட்டு, நீண்ட கழியில் கட்டிய குவளையால் மேலிருந்து முகந்தால் போதும்.

இனி எண்ணிக்கை. சுத்திகரிக்காத கழிவுநீரில், மலத்தோடு வரும் குடல் பாக்டீரியாவான ஈ.கோலை 100 மில்லிக்கு ஒரு கோடி வரை இருப்பது சாதாரணம். நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்கு நீர்த்து, ஒவ்வொன்றிலும் 0.1 மில்லியைக் கிருமி வளர்க்கும் ஊடகம் ஊற்றிய தட்டில் பரப்பினால் ஏதாவது ஒரு தட்டு எண்ணக்கூடியதாக அமையும். மருந்து எதிர்ப்பைப் பார்க்க, அதே ஊடகத்தில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த தட்டுகளைக் கூடவே வைக்க வேண்டும். எதிர்ப்புடைய ஈ.கோலையைக் கண்காணிக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ‘ட்ரைசைக்கிள்’ நெறிமுறை சொல்வதும் இந்த அளவுதான். இந்தத் தட்டுக்கு நீர்ப்பைக் குறையுங்கள், ஏனெனில் இதில் வளர்பவை குறைவு. ஊடகம் 50 டிகிரி அளவுக்கு ஆறிய பிறகே மருந்தைச் சேர்க்க வேண்டும். கொதிநிலைக்குப் பக்கத்தில் ஊற்றினால் மருந்து சிதையும், எல்லாக் கிருமியும் வளரும், ‘ஊரெங்கும் சூப்பர் கிருமி’ என்று தலைப்பு வந்துவிடும். இதைப் பிடிக்க, மருந்துக்குப் பணியும் ஈ.கோலை ஒன்றை ஒரு தட்டில் பரப்புங்கள். அது வளர்ந்தால் அந்தத் தொகுதியே குப்பைக்கு. கேட்க வேண்டிய எண், மொத்த ஈ.கோலையில் எதிர்ப்புடையது எத்தனை சதவீதம் என்பது. அதை மாதம்தோறும் அதே இடத்தில் பார்த்தால்தான் போக்கு தெரியும்.

சேலத்துக்கென்று சில பொறிகள் உண்டு. மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் மாவுநீர் தேங்கிப் புளித்தால் பிஎச் நாலு, ஐந்துக்கு இறங்கும், அங்கே ஈ.கோலை குறைந்திருப்பதைச் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எதிர்மாறும் நடக்கும். மாவுச்சத்து மிகுந்த கழிவில் வெப்பம் தாங்கும் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா பெருகி, மலத்திலிருந்து வரும் பாக்டீரியாவை எண்ணுவதற்கென்று 44.5 டிகிரியில் செய்யும் மலக் கோலிஃபார்ம் சோதனையில் தானும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும், மனிதக் கழிவே இல்லாவிட்டாலும். அதனால் கிழங்கு அறுவடைக் காலத்தில் மலக் கோலிஃபார்மை விட, நிறம் காட்டும் டிபிஎக்ஸ் ஊடகத்தில் எண்ணிய ஈ.கோலையையே நம்புங்கள். கொலுசுப் பட்டறைகள் உள்ள பகுதிகளில் வெள்ளியையும் செம்பையும் சேர்த்து அளப்பது நல்லது. உலோகம் தாங்கும் மரபணுவும் மருந்தைத் தாங்கும் மரபணுவும் பல நேரம், கிருமிக்குக் கிருமி தாவும் பிளாஸ்மிட் என்ற ஒரே டிஎன்ஏ வளையத்தில் பயணிக்கும், ஆகவே ஆன்டிபயாட்டிக் அங்கே போகாமலேயே எதிர்ப்பு நிலைக்கலாம்.

சாயப்பட்டறை நீர், கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனையை முடக்கும். சாயமும் மட்கிய பொருளும் பெருக்கும் நொதியைத் தடுத்துவிட, ‘கிருமி இல்லை’ என்ற முடிவு வரும். பிரித்தெடுத்த டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். தடை இல்லையென்றால் சிடி மதிப்பு, அதாவது டிஎன்ஏ தென்படும்வரை ஆகும் பெருக்கச் சுற்றுகளின் எண்ணிக்கை, சுமார் 3.3 கூடும். கூடாமல் அப்படியே நின்றாலோ குறைந்தாலோ முதல் முடிவைக் கிழித்துப் போடலாம். இன்னொன்று, பிசிஆர் செத்த கிருமியின் டிஎன்ஏவையும் எண்ணும். குளோரின் வேலை செய்ததா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

மழை நாளில் செறிவு பாதியானால் நோயும் பாதியானது என்று பொருளில்லை. ஓட்டம் இரட்டித்திருந்தால் மொத்தச் சுமை அதேதான். ஓட்டத்தை அளக்க வழியில்லாத ஓடையில், மனிதக் கழிவின் அளவுகோலாக மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸைப் பயன்படுத்துகிறார்கள். நாம் தின்னும் மிளகாய் வழியாக அது குடலைக் கடந்து அப்படியே வெளியே வருகிறது. காரத்துக்குக் குறைவில்லாத ஊரில் இது கைகொடுக்கும், காய்கறிச் சந்தைக் கழிவு கலக்காத இடமாக இருந்தால்.

பாட்டில் லேபிளில் இடம், நேரம், கடைசி மழை, பிஎச், மின்கடத்துத்திறன், நீரின் நிறம் ஆறும் இருக்க வேண்டும். வேலை முடிந்த தட்டுகளை, முக்கியமாகச் செஃபோடாக்சிம் தட்டுகளை, 121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் கிருமி நீக்கிய பிறகே அப்புறப்படுத்துங்கள். கல்லூரி ஆய்வகச் சிங்க்கில் கொட்டினால், வடிகட்டித் தேர்ந்தெடுத்த எதிர்ப்புக் கிருமியை அதே சாக்கடைக்கு நாமே அனுப்பியது போலாகும்.