நேரலை மென்பொருளைத் தேடும் முன் கணினியைத் திறந்து பாருங்கள்

கடந்த ஆண்டு கோடை விடுமுறையில், பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர் தம் கணினியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மதுரையில் உள்ள எங்கள் சர்வீஸ் கடைக்கு வந்தார். வாலரண்ட் விளையாட்டை யூடியூபில் நேரலையாகக் காட்டுவதற்காக அவர் சேனல் தொடங்கி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. "அண்ணா, மூணு சாஃப்ட்வேர் மாத்திட்டேன், ஒண்ணுக்குக் காசும் கட்டிட்டேன். எதுல போட்டாலும் வீடியோ விட்டு விட்டுத்தான் போகுது" என்றார். கணினியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் காரணம் தெரிந்துவிட்டது. அவர் மாற்றிய மூன்று மென்பொருள்களில் ஒன்றின் மீதும் குற்றம் இல்லை.

கேமிங் சேனல் தொடங்க விரும்பும் பிள்ளைகளும் சில சமயம் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மென்பொருள் நல்லது என்பதுதான். நான் பதிலுக்கு, உங்கள் பிராசஸரின் பெயர் எந்த எழுத்தில் முடிகிறது, என்ன கிராபிக்ஸ் கார்டு போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பேன். சம்பந்தமில்லாத கேள்வியாகப் பலருக்கும் தோன்றும். ஆனால் நேரலையின் தரத்தில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது இந்த இரண்டும்தான்.

நேரலையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1080பி அளவில் (1920 x 1080 புள்ளிகள்) நொடிக்கு 60 படங்கள் என்றால், சுருக்கப்படாத நிலையில் அது நொடிக்குச் சுமார் 300 கோடி பிட் தரவு. நாம் யூடியூபுக்கோ, விளையாட்டு நேரலைத் தளமான ட்விட்ச்சுக்கோ அனுப்புவது பெரும்பாலும் 6000 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 60 லட்சம் பிட். இந்த வேகத்தைத்தான் பிட்ரேட் என்கிறோம். ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்காக, அதுவும் விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு நொடியும் இந்தச் சுருக்கும் வேலை நடந்தாக வேண்டும். இதைச் செய்வதுதான் என்கோடர். கிராபிக்ஸ் கார்டிலோ பிராசஸரிலோ இதற்கென்றே தனிச் சுற்று இருந்தால், விளையாட்டுக்கு அதிக இடையூறு இல்லாமல் வேலை முடிந்துவிடும். என்விடியா கார்டுகளில் இதற்கு என்வெங்க் என்று பெயர். இன்டெல் பிராசஸருக்குள்ளேயே அமைந்த உள்கிராபிக்ஸில் குயிக் சிங்க். ஏஎம்டியிலும் இதற்கு இணையான ஏற்பாடு உண்டு. இவற்றுள் எதுவுமே இல்லாத கணினியில் எக்ஸ்264 என்ற முறையில் பிராசஸரே இந்தச் சுமையையும் சுமக்க வேண்டியிருக்கும்.

நம் ஊர்க் கடைகளில் விலையைக் குறைப்பதற்காகச் சேர்த்துத் தரும் பாகங்களில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. இன்டெல் பிராசஸரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால், எடுத்துக்காட்டாக ஐ5-12400எஃப் என்றால், அதில் உள்கிராபிக்ஸ் கிடையாது, ஆகவே குயிக் சிங்க்கும் கிடையாது. ரைசன் 5 5600-இலும் இதே நிலைதான். 5600ஜி என்றால் உள்கிராபிக்ஸ் உண்டு. ஜிடி 1030 என்விடியா கார்டுதான் என்றாலும் அதில் என்வெங்க் இல்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி ஆகிய இரண்டிலும் காணொளியைச் சுருக்கும் சுற்றை அந்நிறுவனமே வைக்கவில்லை. அந்த மாணவரின் பெட்டியில் இருந்தது ஐ5-12400எஃப் பிராசஸரும் ஜிடி 1030 கார்டும். விளையாடுவதற்கு அது போதுமான கணினிதான்; ஆனால் விளையாட்டையும் சுருக்கும் வேலையையும் ஒரே பிராசஸர் ஒரே நேரத்தில் சுமந்துகொண்டிருந்தது. விற்றவர் பொய் சொல்லவில்லை. நேரலைக்கு ஆகுமா என்று இவர் கேட்கவும் இல்லை, அவராகச் சொல்லவும் இல்லை.

இனி மென்பொருளுக்கு வருவோம். புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஓபிஎஸ் ஸ்டுடியோதான். 2012-இல் தொடங்கப்பட்ட திறந்த மூல மென்பொருள் இது, அதாவது இதன் நிரலை எவரும் பார்க்கலாம், எடுத்து மாற்றலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். சந்தா, வாட்டர்மார்க், கால வரம்பு எதுவும் கிடையாது. பார்ப்பதற்கு எளிமையாக இல்லை என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். முதல் இரண்டு மாலைப் பொழுதுகள் சிரமமாகத்தான் இருக்கும், அதன் பிறகு கைக்கு வந்துவிடும். ஸ்ட்ரீம்லேப்ஸ் டெஸ்க்டாப், பிரிசம் லைவ் ஸ்டுடியோ ஆகியவை ஓபிஎஸ்-இன் நிரலை அடித்தளமாகக் கொண்டு எழுந்தவை என்பது பலருக்கும் தெரிவதில்லை. ஸ்ட்ரீம்லேப்ஸின் பெயரில் முன்பு ஓபிஎஸ் என்ற சொல்லும் சேர்ந்திருந்தது. அந்தப் பெயரைப் பயன்படுத்தியது குறித்து 2021 நவம்பரில் எழுந்த சர்ச்சைக்குப் பிறகே அது நீக்கப்பட்டது. அடித்தளம் ஒன்றாக இருப்பதால், எக்ஸ்264-இல் திணறும் கணினி இம்மூன்றிலும் ஒரே மாதிரிதான் திணறும். அவற்றில் கூடுதலாகக் கிடைப்பவை காட்சியின் மேல் வைக்கும் அழகான ஓவர்லேக்கள், சப்ஸ்கிரைபர் அலர்ட்டுகள், அரட்டைப் பெட்டி போன்றவை. இவற்றுள் பெரும்பாலானவற்றை ஓபிஎஸ்-இல், இணையப் பக்கத்தைக் காட்சிக்குள் கொண்டுவரும் பிரவுசர் சோர்ஸ் வழியாக ஓர் இணைய முகவரியை ஒட்டியே கொண்டுவந்துவிடலாம். எட்டு ஜிபி ரேம் உள்ள கணினியில் ஸ்ட்ரீம்லேப்ஸின் கூடுதல் எடை நன்றாகவே தெரியும். 16 ஜிபி இருந்து, அமைப்பு வேலைகளில் நேரம் செலவிட விருப்பமில்லாதவர் அதன் இலவசப் பதிப்போடு தொடங்குவதில் தவறில்லை. முதல் மாதத்திலேயே சந்தா கட்டுவது மட்டும் வேண்டாம். ட்விட்ச் நிறுவனம் புதியவர்களுக்கென்றே வெளியிட்ட ட்விட்ச் ஸ்டுடியோ 2024-இல் நிறுத்தப்பட்டு, அதிலேயே பழகியவர்கள் எல்லாவற்றையும் வேறிடத்தில் மீண்டும் அமைக்க நேர்ந்ததையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஓபிஎஸ்-ஐ நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணம், கோளாறு எங்கே என்பதை அது மறைக்காமல் காட்டிவிடும். ஸ்டாட்ஸ் என்ற சிறு சாளரத்தில் தவறிய ஃபிரேம்களின் (படங்களின்) எண்ணிக்கை மூன்று தனி வரிகளில் வரும். ரெண்டரிங் லேக் ஏறினால், கிராபிக்ஸ் கார்டு முழுவதையும் விளையாட்டே பிடித்துக்கொண்டு ஓபிஎஸ்-க்கு இடம் விடவில்லை என்று பொருள். விளையாட்டின் ஃபிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு போட்டு, ஓபிஎஸ்-ஐ அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கினால் பெரும்பாலும் சரியாகும். என்கோடிங் லேக் ஏறினால் சுருக்கும் வேலை பின்தங்குகிறது. அளவை 720பி-க்கு இறக்கலாம், நொடிக்கு 30 படங்களாக்கலாம், இயன்றால் என்கோடரையே மாற்றலாம். நெட்வொர்க் வரியில் எண் ஏறினால் கணினியைக் குறைசொல்ல வேண்டியதில்லை. பிட்ரேட் அதிகம், அல்லது இணைய இணைப்பு தடுமாறுகிறது. பார்க்கிறவருக்கு மூன்றுமே விட்டுவிட்டு ஓடுவதாகத்தான் தெரியும், ஆனால் மருந்து மூன்றுக்கும் வேறு. அந்த மாணவர் என் கண்ணெதிரே கால் மணி நேரம் விளையாடினார். முதல் வரியும் மூன்றாவது வரியும் அசையவே இல்லை. நடுவில் இருந்த என்கோடிங் வரி மட்டும் ஏறிக்கொண்டே போய்ச் சிவப்பானது. ஒன்றரை மாதமாகத் தேடியதை அந்த ஒரு வரி சொல்லிவிட்டது.

இணையத்தைப் பொறுத்தவரை, ஸ்பீடு டெஸ்டில் பெரிதாகத் தெரியும் டவுன்லோட் எண்ணைப் பார்த்து மகிழ வேண்டாம். நேரலைக்கு அப்லோட் வேகம்தான் கணக்கு. அதிலும் பாதிக்கு மேல் பிட்ரேட் வைக்காதீர்கள், இயன்றவரை வைஃபையைத் தவிர்த்து லேன் கேபிளைச் செருகுங்கள். 6000 கேபிபிஎஸ் நேரலை ஒரு மணி நேரத்துக்கு 2.7 ஜிபி தரவை எடுத்துக்கொள்ளும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் நாளுக்கு 2 ஜிபி திட்டத்தை வைத்துக்கொண்டு தொடங்குபவருக்கு முக்கால் மணி நேரத்திலேயே அன்றைய தரவு தீர்ந்துவிடும்.

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதைக் காட்டிலும் எனக்குக் கவலை தருவது, அதை எங்கிருந்து இறக்குகிறார்கள் என்பது. தேடுபொறியில் ஓபிஎஸ் என்று தட்டினால் மேலே வருவது விளம்பரமாகவும் இருக்கலாம். 2023 ஜனவரியில் அப்படிப் போலி விளம்பரங்கள் வழியாக ஓபிஎஸ் என்ற பெயரில் தகவல் திருடும் நிரல்கள் பரப்பப்பட்டன. கட்டண மென்பொருளின் கிராக் (திருட்டு) பதிப்பை டெலிகிராம் குழுவில் வாங்கி நிறுவுவது அதைவிட ஆபத்து. இத்தகைய நிரல் நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதைக் குறித்துப் பிரவுசரில் சேமிக்கப்பட்டிருக்கும் குக்கீயைத் திருடிவிட்டால், கடவுச்சொல்லோ ஓடிபியோ இல்லாமலே திருடியவர் உங்கள் சேனலுக்குள் நுழைந்துவிட முடியும். இரண்டு அடுக்குப் பாதுகாப்பு போட்டிருந்தாலும் அந்த இடத்தில் அது உதவாது. ஓபிஎஸ்ப்ராஜெக்ட் டாட் காம் (obsproject.com) என்ற முகவரியை நீங்களே தட்டி, அங்கிருந்து மட்டும் இறக்குங்கள். மென்பொருளை உங்கள் சேனலோடு இணைக்கும் ஸ்ட்ரீம் கீயையும் கடவுச்சொல்லைப் போலவே காக்க வேண்டும், ஏனெனில் அது கையில் இருப்பவர் எவரும் உங்கள் சேனலில் நேரலை விடலாம். திரையில் தவறிக் காட்டிவிட்டால் உடனே மாற்றிவிடுங்கள். திரை முழுவதையும் எடுக்கும் டிஸ்பிளே கேப்சரைத் தவிர்த்து, விளையாட்டை மட்டும் எடுக்கும் கேம் கேப்சரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் இதனால்தான். முழுத் திரையையும் காட்டிக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப்பில் வரும் வீட்டு முகவரியும் வங்கிச் செய்தியும் அப்படியே நேரலையில் போய்விடும்.

கைப்பேசியில் விளையாடுவோர் பிரிசம் அல்லது ஸ்ட்ரீம்லேப்ஸின் கைப்பேசிச் செயலியோடு தொடங்கலாம். விளையாட்டின் ஒலியும் சேர்ந்து போக வேண்டுமானால் ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை. யூடியூப் செயலியிலிருந்து நேரடியாக விட 50 சப்ஸ்கிரைபர்கள் இருக்க வேண்டும் என்பதும், முதன்முறை நேரலை வசதியைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை. பெற்றோர் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு: 2025 ஜூலை 22 முதல் 16 வயது நிரம்பாதவர் யூடியூபில் தனியாக நேரலை விட முடியாது.

மின்வெட்டை மனத்தில் வைத்து, நேரலையோடு பதிவும் செய்பவர்கள் வடிவத்தை எம்கேவி என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான எம்பி4 பதிவின் நடுவில் மின்சாரம் போனால் கோப்பு பெரும்பாலும் திறக்காது. எம்கேவி என்றால் அதுவரை பதிவானது தப்பிக்கும், பிறகு ஓபிஎஸ்-இலேயே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியின் இரைச்சலுக்கு, மைக்கின் ஃபில்டர்களில் உள்ள நாய்ஸ் சப்ரஷன் போதும்.

அந்த மாணவருக்கு நான்கு நாள் கழித்து, நல்ல நிலையில் இருந்த பழைய ஜிடிஎக்ஸ் 1650 கார்டு ஒன்றைப் பொருத்திக் கொடுத்தோம். சந்தாவை நிறுத்திவிட்டு, இலவச ஓபிஎஸ்-இல் என்வெங்க், 720பி, நொடிக்கு 60 படங்கள், 4500 கேபிபிஎஸ் என்று அமைத்தோம். அன்று இரவு அவர் தம் வீட்டிலிருந்து இணைப்பு முகவரி உள்ளவர் மட்டும் பார்க்கும் அன்லிஸ்டட் முறையில் ஒரு மணி நேரம் நேரலை விட்டார். அடுத்த அறையில் அவருடைய தங்கை கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் எனக்கு ஸ்டாட்ஸ் சாளரத்தின் படத்தை அனுப்பியிருந்தார். என்கோடிங் வரியில் பூஜ்யம் இருந்தது. படத்துக்குக் கீழே, மைக் மட்டும் கொஞ்சம் சத்தம் குறைவாக இருப்பதாகத் தங்கை சொல்கிறாள், அதை எங்கே கூட்டுவது என்று கேட்டிருந்தார்.