பப் அலமாரியில் எந்த விளையாட்டு இருக்கலாம்?

இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர் பப்புக்கு நான் மேலாளராக வந்த இரண்டாவது வாரம். ஞாயிற்றுக்கிழமை மதியம், வெளியே விடாத மழை. வயதான கணவனும் மனைவியும் அலமாரியிலிருந்து எழுத்துக் கட்டைகளால் சொல் கோக்கும் ஸ்கிராபிள் பெட்டியை எடுத்துக்கொண்டு சன்னலோர மேசையில் உட்கார்ந்தார்கள். ஸ்கிராபிளில் மொத்தம் 100 கட்டைகள் இருக்க வேண்டும். அதில் 'ஈ' எழுத்து மட்டுமே 12. எங்கள் பெட்டியில் இருந்தது 7. 'கியூ' இல்லவே இல்லை. கால் மணி நேரம் சமாளித்துப் பார்த்துவிட்டு, அந்த அம்மா கட்டைகளை ஒவ்வொன்றாகப் பையில் போட்டுப் பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அப்புறம் இருவரும் ஆளுக்கொரு போனைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

அன்றிரவு கடை மூடியதும் அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் தரையில் இறக்கி எண்ணினேன். மொத்தம் 23 பெட்டிகள். ஒன்றும் குறையாமல் இருந்தவை 9. மற்றதெல்லாம் யாரோ வீடு மாறும்போது கொடுத்துவிட்டுப் போனவை, சாரிட்டி கடையில் மலிவாகக் கிடைத்தவை. பல பப்களில் இந்த அலமாரி இப்படித்தான் நிரம்புகிறது. பார்க்க அழகாக இருக்கிறது, யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. விளையாடலாம் என்று ஆசையோடு பெட்டியைத் திறந்தவரை ஏமாற்றி அனுப்புகிறோம் என்பது நமக்குத் தெரிவதே இல்லை. தனியாக வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பக்கத்து மேசையோடு சேர்த்துவைக்க ஒரு சீட்டுக்கட்டைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை.

விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நல்ல விளையாட்டு எது என்று தேடாதீர்கள். உங்கள் மேசை எதைத் தாங்கும் என்று பாருங்கள். எங்கள் வட்ட மேசைகள் இரண்டடி அகலம். அதில் நான்கு பைண்ட் கோப்பைகளும் ஒரு சிப்ஸ் தட்டும் வைத்தபின் மிஞ்சுவது இரண்டு கை அளவு இடம். டிக்கெட் டு ரைடு அருமையான விளையாட்டு, என் வீட்டில் இருக்கிறது. ஆனால் அதன் பலகையை விரித்தால் ஏறத்தாழ 80 செ.மீ. நீளம். கோப்பைகளைத் தரையில் வைத்தால்தான் விளையாடலாம். தரையில் வைத்த கோப்பை எப்படியும் யாருடைய காலிலாவது படும். வெளிச்சத்தையும் கணக்கில் எடுங்கள். மாலை ஏழு மணிக்கு விளக்கைக் குறைத்துவிடுகிறோம், அந்த மங்கலில் பொடி எழுத்து அட்டைகளை வாசிக்க நாற்பது வயதைத் தாண்டியவர்கள் சிரமப்படுவார்கள். இசையும் பேச்சும் கலந்த இரைச்சலில் ஒருவர் சத்தமாக வாசித்து மற்றவர்கள் கேட்க வேண்டிய விளையாட்டும் எடுபடாது. ஈரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குளிர்ந்த கோப்பையின் அடியில் எப்போதும் ஒரு நீர்வளையம் இருக்கும், அட்டைப் பலகைக்கு அது ஆகாது.

இவற்றோடு நான் வைத்திருக்கும் இன்னொரு சோதனை, மூன்று நிமிடம். பெட்டியைத் திறந்ததிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் முதல் ஆட்டம் தொடங்கிவிட வேண்டும். சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. என் பணியாளர்களுக்கு வெள்ளிக்கிழமை இரவில் விதி விளக்க நேரம் கிடையாது. முதல் கோப்பையை முடித்தவர் 16 பக்க விதிப்புத்தகத்தைப் படிக்கப் போவதும் இல்லை. அதேபோல் ஒரு ஆட்டம் அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். மேசைக்குச் சாப்பாடு வந்துவிடும், நண்பர் ஒருவர் தாமதமாக வந்து சேர்வார், இன்னொருவருக்குக் கடைசிப் பேருந்து. நடுவில் ஒருவர் எழுந்து போனாலும் மற்றவர்களின் ஆட்டம் கெடக்கூடாது.

இந்தச் சோதனைகளில் எல்லாம் தேறிய ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் நான் 'ஸ்கல்' என்ற விளையாட்டைத்தான் சொல்வேன். பிரான்சைச் சேர்ந்த எர்வே மார்லி உருவாக்கியது, 2011இல் வெளிவந்தது. ஆளுக்கு நான்கு வட்டத் தட்டுகள், பார்க்க பியர் மேட் (கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டை) போலவே இருக்கும். மூன்றில் பூ, ஒன்றில் மண்டையோடு. ஒவ்வொருவரும் ஒன்றைக் கவிழ்த்து வைக்கிறார்கள். உங்கள் முறை வரும்போது இன்னொன்றை மேலே வைக்கலாம், அல்லது 'மண்டையோடு படாமல் இத்தனை பூவைத் திருப்புவேன்' என்று ஏலம் கேட்கலாம். அதிகமாகக் கேட்டவர் முதலில் தன்னுடையதையெல்லாம் திருப்ப வேண்டும், அப்புறம் மற்றவர்களுடையதை. மண்டையோடு வந்தால் ஒரு தட்டு போச்சு. இரண்டு முறை வென்றால் ஆட்டம் உங்களுடையது. இவ்வளவுதான். வாசிக்க எழுத்து இல்லை, எண்ண மதிப்பெண் இல்லை, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். ஒரு தட்டு தொலைந்தால் பியர் மேட்டிலேயே பேனாவால் படம் வரைந்துகொள்ளலாம், பின்பக்கம் எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் போதும். மூன்று பேர் முதல் ஆறு பேர் வரை ஆடலாம். ஒருவரையொருவர் அறியாத ஆறு பேர் அதை ஆடிவிட்டு எழுந்து போகும்போது பெயர் சொல்லி விடைபெறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டு பேருக்கு 'ஹைவ்'. அதற்குப் பலகையே கிடையாது, பூச்சிப் படம் போட்ட கனமான அறுகோணக் காய்கள் மட்டும். பியர் கொட்டினால் துடைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம். 'டாபிள்' வட்ட டப்பாவில் வரும். அதில் 55 அட்டைகள், ஒவ்வொன்றிலும் 8 படங்கள். எந்த இரண்டு அட்டையை எடுத்தாலும் சரியாக ஒரே ஒரு படம் பொதுவாக இருக்கும். ஞாயிறு மதிய உணவுக்குக் குழந்தைகளோடு வருபவர்களிடம் முதலில் நான் அதைத்தான் நீட்டுவேன். ஆளுக்கு ஐந்து பகடையும் ஒரு குவளையும் வைத்து ஆடும் 'பெருடோ' குறைந்த இடத்தில் நிறைய சிரிப்பைத் தரும், ஆனால் பகடை தரையில் உருண்டோடும். உபரியாகப் பத்துப் பகடை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இடங்களை வாங்கி வாடகை வசூலிக்கும் மொனாப்பலியை நான் அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குச் சில வாடிக்கையாளர்கள் வருத்தப்பட்டார்கள். ஆட்டம் மணிக்கணக்கில் இழுப்பதற்கு ஒரு காரணம், விதியில் இல்லாததையெல்லாம் பழக்கத்தில் சேர்த்துக்கொள்வது. அபராதப் பணத்தை 'ஃப்ரீ பார்க்கிங்' கட்டத்தில் குவித்து, அங்கே வந்து நிற்பவருக்குக் கொடுப்பது விதியில் கிடையாது. ஒருவர் வாங்க மறுத்த இடத்தை உடனே ஏலம் விட வேண்டும் என்ற விதி இருக்கிறது, அதைப் பலர் செய்வதில்லை. சரியாக ஆடினாலும் பப்புக்கு அது நீளம்தான். பொது அறிவுக் கேள்விகள் கேட்கும் டிரிவியல் பர்சூட்டின் பழைய பதிப்பும் வேண்டாம். 1980களின் பதிப்பில் சோவியத் யூனியன் உடையவே இல்லை. இருபது வயதுக்காரர்கள் அதைத் திறந்து தங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள், அது அவர்கள் தவறல்ல. ஜெங்காவை வைத்திருக்கிறேன், ஆனால் பாரில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். 54 மரக்கட்டைகள் கண்ணாடிக் கோப்பைகளின் மேல் சரிந்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை பார்த்தாயிற்று. ஒரு பெண்ணின் உள்ளங்கையில் மூன்று தையல். அதற்குப்பின் ஓரத்தில் ஒரு மேசையை ஒதுக்கினோம், அதில் கோப்பை வைக்கக்கூடாது. பெரியவர்களுக்கான ஆபாசக் கேள்வி அட்டைகளும் பாருக்குப் பின்னால்தான் இருக்கின்றன, குழந்தைகள் கைக்கு எட்டும் தட்டில் இல்லை.

ஊனோ சீட்டாட்டத்தைப் பற்றி ஒரு விஷயம். எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டு, நிச்சயம் இருக்க வேண்டும். ஆனால் அது பெரிதும் நிறத்தை நம்பியது. ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கும், பெண்களில் 200 பேரில் ஒருவருக்கும் நிறங்களைப் பிரித்தறிவதில் சிரமம் உண்டு. சிவப்பும் பச்சையும் அவர்களில் பெரும்பாலோருக்குக் குழம்பும், மங்கல் வெளிச்சத்தில் இன்னும் மோசம். எங்களிடம் வழக்கமாக வரும் ஒருவர் ஊனோ என்றாலே 'நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் ஆடுங்கள்' என்பார். பல மாதம் கழித்துத்தான் காரணம் புரிந்தது. நிறத்துக்கு ஒரு குறியீடும் சேர்த்து அச்சிட்ட ஊனோ 2017இல் வந்துவிட்டது. வாங்கும்போது அதையே கேட்டு வாங்குங்கள். வேறு எந்த விளையாட்டை வாங்கினாலும் நிறத்தோடு வடிவமோ குறியோ சேர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

புதியவற்றை வாங்கும் உற்சாகத்தில் கிரிபேஜையும் டோமினோவையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கிரிபேஜ் 17ஆம் நூற்றாண்டில் சர் ஜான் சக்ளிங் என்ற கவிஞர் உருவாக்கியதாகச் சொல்லப்படும் சீட்டாட்டம். துளைகள் போட்ட பலகையில் முளைக்குச்சிகளை நகர்த்தி 121 வரை எண்ணுவார்கள். இந்த ஊரில் பப்புக்கென்றே வளர்ந்த ஆட்டம் என்றால் அதுதான். ஒரு சீட்டுக்கட்டு, ஒரு முழம்கூட இல்லாத பலகை, இரண்டு பேர். 28 கட்டைகள் கொண்ட டோமினோவை நீரில் கழுவி வைக்கலாம்.

இந்த இரண்டுக்கும் சட்டத்திலும் தனி இடம் இருக்கிறது. புதிதாகப் பொறுப்பேற்பவர்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை. பிரிட்டனில் 1968ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமே பப்பில் கிரிபேஜும் டோமினோவும் பணம் வைத்து ஆட வழி விட்டிருந்தது. இப்போது நடப்பில் உள்ளது 2005ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி மது உரிமம் பெற்ற பப்பில், எல்லோருக்கும் சம வாய்ப்புள்ள ஆட்டத்தைச் சிறு தொகை வைத்து ஆடலாம். கிரிபேஜ், டோமினோவுக்குத் தொகை வரம்பு இல்லை. போக்கருக்கு ஒரு ஆட்டத்துக்கு ஆளுக்கு 5 பவுண்டு, பப் முழுவதற்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 100 பவுண்டு. மற்ற ஆட்டங்களுக்கு ஆளுக்கு 5 பவுண்டு. ஆட வருபவரிடம் பப் நுழைவுக் கட்டணம் வாங்கக்கூடாது, பந்தயப் பணத்திலிருந்து ஒரு பென்னிகூட எடுக்கக்கூடாது, 18 வயது நிரம்பாதவர் சேரக்கூடாது. கண்காணிக்க வேண்டியது உரிமத்தில் பெயர் உள்ள பொறுப்பாளர், அதாவது நாம்தான். சீட்டுக்கட்டை அலமாரியில் வைக்கும்போதே இதையும் பணியாளர்களுக்குச் சொல்லிவிடுங்கள். மேசையில் நோட்டுகள் குவிவதைப் பார்த்தபின் போய்ப் பேசுவது எல்லோருக்கும் சங்கடம்.

பராமரிப்பில் எனக்கு மிகவும் உதவுவது சமையலறைத் தராசு. புதிய விளையாட்டு வந்ததும் பெட்டியோடு எடை போட்டு, மூடியின் உள்பக்கம் கிராம் கணக்கை எழுதிவிடுவோம். இரவு மூடும்போது அன்று வெளியே போன பெட்டிகளை மட்டும் தராசில் வைத்துப் பார்த்தால் போதும். சில கிராம் குறைந்தால் உடனே மேசைக்கடியில் தேடலாம், அன்றே தேடினால்தான் கிடைக்கும். மறுநாள் காலை துப்புரவு முடிந்தால் போனது போனதுதான். சீட்டுக்கட்டு என்றால் முழு பிளாஸ்டிக்கில் வருவதை வாங்குங்கள், விலை கூடுதல்தான், ஆனால் ஈரத்துணியால் துடைக்கலாம். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், ஓரத்தை வெட்டிவிடும். விதிப்புத்தகத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, நீங்களே ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி லேமினேட் செய்து பெட்டியில் போடுங்கள்.

எங்கள் பெட்டிகளில் ஒன்றில் மட்டும் அந்தப் பக்கம் தமிழிலும் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை மாலை யாழ்ப்பாணத்து அண்ணைமார் மூன்று பேர் வந்தார்கள். நான் தமிழ் என்று தெரிந்ததும் ஒருவர், "தம்பி, இஞ்ச காட்ஸ் கட்டு ஒண்டு இருக்கோ?" என்று கேட்டார். முந்நூற்றி நாலு ஆடத்தான். ஏழுக்குக் கீழே உள்ளதையெல்லாம் எடுத்துவிட்டு 32 சீட்டுகளோடு ஆடும் ஆட்டம் அது. அதில் ஜாக்கிதான் பெரியது, 30 புள்ளி. அடுத்தது ஒன்பது, 20. ஏஸ் 11, பத்துக்குப் பத்து, ராஜா 3, ராணி 2. நான்கு வகைச் சீட்டுக்கும் கூட்டினால் 304. ஆனால் அதற்கு நான்கு பேர் வேண்டும். நான் பாரை விட்டு நகர முடியாத நேரம். பக்கத்து மேசையில் கிரிபேஜ் பலகையோடு துணைக்கு ஆள் வராமல் உட்கார்ந்திருந்த ஓர் ஆங்கிலேயப் பெரியவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். ஏஸைவிட ஒன்பது பெரிது என்பதை ஏற்க அவருக்கு இரண்டு ஆட்டம் பிடித்தது. ஜாக்கி விஷயத்தை உடனே பிடித்துக்கொண்டார், கிரிபேஜிலும் ஜாக்கிக்குத் தனிப்புள்ளி உண்டு.

அந்தக் கட்டின் 32 சீட்டுகளை இப்போது தனிப் பையில் வைத்திருக்கிறேன், மீதி 20 அதே பெட்டியில் இன்னொரு பையில். வியாழக்கிழமை ஆறு மணி வாக்கில் அந்தப் பெரியவர் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்துவிட்டு, அவர்கள் வந்துவிட்டார்களா என்று கேட்பார்.