சாய்வதா, சறுக்குவதா?

கடலோர நகரம் ஒன்றை நிலநடுக்கம் உலுக்கியது என்ற செய்தி வந்தவுடன், அங்குள்ள அருங்காட்சியகத்தின் கண்ணாடிக் குடுவைகளும் பழஞ்சாடிகளும் என்னவாயினவோ என்று மனம் பதைக்கிறது. எது உடையும் என்பதைப் பொருளின் மென்மையைக் காட்டிலும், அதன் வடிவமும் அது நிற்கும் பரப்பும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

40 செ.மீ. உயரமும் 10 செ.மீ. அகலமான அடியும் கொண்ட உருளை வடிவச் சாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஈர்ப்பு மையம் 20 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, அடியின் விளிம்போ நடுவிலிருந்து 5 செ.மீ. தொலைவில்தான் உள்ளது. 5-ஐ 20-ஆல் வகுத்தால் 0.25. அதாவது, தரையின் கிடைமட்ட முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் கால் பங்கைத் தாண்டும்போது சாடியின் ஒரு விளிம்பு மேலெழத் தொடங்கும். ஆனால், சாடிக்கும் பலகைக்கும் இடையிலான உராய்வுக் கெழு (இரு பரப்புகளும் ஒன்றையொன்று எவ்வளவு பற்றிக்கொள்கின்றன என்பதைக் காட்டும் எண்) 0.25-க்குக் குறைவாக இருந்தால், அந்த நிலை வருமுன்பே சாடி சறுக்கத் தொடங்கிவிடும். நகராமல் இருக்கட்டும் என்று சொரசொரப்பான விரிப்பை அடியில் இடுவது சாடியைக் கவிழ்த்துவிடவும் கூடும் என்பது சற்றே சங்கடமான உண்மை. சாடிக்குள் மணல் பையை இட்டு ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்துவதும், அடியில் சிறிது மெழுகு வைத்துப் பலகையோடு ஒட்டிவிடுவதும் அதனினும் நல்ல வழிகள்.

விளிம்பு எழுந்துவிட்டால் பொருள் கவிழ்ந்தே தீரும் என்பதில்லை. ஒரே வடிவமுள்ள இரண்டு பொருள்களில் பெரியதே எளிதில் கவிழாது என்பதைப் பொறியியலாளர் ஜார்ஜ் ஹவுஸ்னர் 1963-இல் விளக்கினார். பெரியது மெல்லச் சாய்கிறது; அது முழுதும் சாயுமுன் தரை எதிர்த்திசையில் திரும்பிவிடுகிறது.

தரையின் அசைவே பொருளை எட்டாதபடி செய்வது இன்னொரு வழி. 1908 டிசம்பர் 28 அன்று நேர்ந்த நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் அழிந்த இத்தாலியின் ரெஜ்ஜோ கலாப்ரியா நகரில், 1972-இல் கடலடியிலிருந்து மீட்கப்பட்ட ரியாச்சே வெண்கலச் சிலைகள் இன்று அப்படித்தான் நிற்கின்றன. ஒவ்வொரு சிலையின் பீடத்திலும் இரண்டு பளிங்குக் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்க, அவற்றின் குழிவான பரப்புகளுக்கிடையே பளிங்குக் கோளங்கள் உருள்கின்றன. கீழ்க்கட்டை தரையோடு விரைந்து ஆடும்போது மேற்கட்டை மெதுவாகவே அசைகிறது. அதிர்வு ஓய்ந்ததும் குழிவின் சரிவு அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவருகிறது.

கடலோரத்தில் அதிர்வு நின்றதோடு ஆபத்து முடிவதில்லை. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ரிக்குசென்தகாத்தா நகர அருங்காட்சியகத்தை ஆழிப்பேரலை மூழ்கடித்தது. உப்புநீர் ஊறிய மட்பாண்டம் காயும்போது, அதன் நுண்துளைகளில் உப்புப் படிகங்கள் வளர்ந்து மேற்பரப்பைச் செதில் செதிலாக உரித்துவிடும். நனைந்த தாள்களைப் பூஞ்சை அரிக்காமலிருக்க உறையவைத்து, வெற்றிடத்தில் பனிக்கட்டியை நேரடியாக ஆவியாக்கி உலர்த்துவார்கள். மட்பாண்டத்தையோ நன்னீரில் மீண்டும் மீண்டும் ஊறவைத்து, ஒவ்வொரு முறையும், உப்பு கரையக் கரைய உயரும் அந்த நீரின் மின்கடத்துதிறனை அளப்பார்கள். அந்த அளவு மேலும் உயராமல் நிலைக்கும்வரை உப்பு வெளியேறிக்கொண்டே இருக்கிறது என்று பொருள்.