பயோஃபிலிம்: நுண்ணுயிர்ப் படலம்

ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பசைக்குள் கூட்டமாக வாழும் நுண்ணுயிரிகளின் தொகுதியே பயோஃபிலிம். அந்தப் பசையில் கூட்டுச்சர்க்கரைகள், புரதங்கள், செல்லுக்கு வெளியே வந்த டி.என்.ஏ. ஆகியவை இருக்கும். செல்களும் பசையும் சேர்ந்ததற்குத்தான் இந்தப் பெயர். இதைக் கவனித்தால் தமிழ்ச் சொல்லையும் சரியாகத் தேரலாம், சோதனை முடிவையும் சரியாகப் படிக்கலாம்.

கிரேக்கத்தில் ‘பயோஸ்’ என்றால் வாழ்வு. ‘ஃபிலிம்’ என்பது மெல்லிய தோலையும் சவ்வையும் குறித்த ‘ஃபில்மென்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது. இரண்டையும் சேர்த்த கலைச்சொல் நுண்ணுயிரியலில் பரவலானது 1970களில்தான்; அதில் நுண்ணுயிரியலாளர் பில் காஸ்டர்டனின் பங்கு பெரிது. ஆனால் நுண்ணோக்கியில் உயிர்களை ஆராய்ந்த டச்சுக்காரர் லேவன்ஹூக் 1683இலேயே பல்லில் படிந்த வெண்ணிறப் படிவைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து, அதில் நெளிந்த சிற்றுயிர்களைப் பற்றி எழுதிவிட்டார்.

மூலச்சொல்லின் பொருளைப் பார்த்து ‘உயிர்ச்சவ்வு’ என்று எழுதத் தோன்றும். அது தவறாக முடியும். உயிரியலில் சவ்வு என்றால் செல்லின் உறை. வாசகர் ஒரே ஒரு செல்லை நினைத்துக்கொள்வார். படலம் என்பது ஒன்றின்மேல் படர்ந்து மூடுவது. கண்ணில் படலம் விழுந்தது என்கிறோமே, அந்தப் பொருள் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. உயிர்ப்படலம், உயிரிப்படலம் என்றும் எழுதுகிறார்கள். நான் ‘நுண்ணுயிர்ப் படலம்’ என்பதையே விரும்புகிறேன். நம் உடலிலும் உயிருள்ள படலங்கள் உண்டு. எந்த உயிரின் படலம் என்று பெயரிலேயே தெரிவது நல்லது.

நோய்க்கிருமிகள் கதீட்டர் (உடலுக்குள் செருகும் குழாய்), செயற்கை இதய வால்வு போன்றவற்றில் படலம் கட்டிவிட்டால் ஆன்டிபயாடிக் மருந்துக்கு எளிதில் மசிவதில்லை. அதனால்தான் எந்தக் கிருமி எவ்வளவு படலம் கட்டும் என்று ஆய்வகத்தில் அளக்கிறார்கள். கிறிஸ்டென்சன் குழுவினர் 1985இல் விவரித்த குழித்தட்டு முறையே இன்றும் பரவலாகக் கையாளப்படுகிறது. 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் ஊட்டக் கரைசலுடன் கிருமியை இட்டு, பெரும்பாலும் 37 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வளர்ப்பார்கள். பிறகு நீரை வடித்து, ஒட்டாத செல்களைக் கழுவி நீக்குவார்கள். கை பதற்றமில்லாமல் இருக்க வேண்டிய இடம் இது. பிப்பெட்டிலிருந்து நீரை வேகமாகப் பாய்ச்சினால் படலமே பிய்ந்து போகும். சரியாகக் கழுவாவிட்டால் மிதந்த செல்களும் கணக்கில் சேரும். எஞ்சியதைக் கிரிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயத்தில் ஊறவைத்து, மிகுதிச் சாயத்தைக் கழுவி, ஒட்டிய சாயத்தை எத்தனாலிலோ அசிட்டிக் அமிலத்திலோ கரைத்து, 570 நானோமீட்டர் அலைநீள ஒளியில் ஒளி அடர்த்தியை, அதாவது கரைசல் ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்பதைப் பார்ப்பார்கள்.

கிருமி இடாத குழிகளின் ஒளி அடர்த்திச் சராசரியோடு திட்ட விலக்கத்தின் (அளவுகள் எவ்வளவு சிதறியுள்ளன என்று காட்டும் எண்) மூன்று மடங்கைக் கூட்டினால் வருவது வரம்பு. சராசரி 0.08, விலக்கம் 0.01 என்றால் வரம்பு 0.11. கிருமி இட்ட குழியின் அளவு அதற்கு மேல் போகாவிட்டால் படலம் இல்லை, வரம்பின் இரு மடங்கான 0.22 வரை வலுவற்றது, நான்கு மடங்கான 0.44 வரை நடுத்தரம். அதற்கும் மேல் வலுவானது. வரம்பை ஒவ்வொரு தட்டுக்கும் தனியாகக் கணக்கிட வேண்டும்.

இந்தச் சாயம் உயிருள்ள செல், செத்த செல், பசை எல்லாவற்றிலும் ஏறும். ஆகவே எண் சொல்வது படலத்தின் மொத்தத் திரளை; உயிரோடிருக்கும் கிருமிகளின் எண்ணிக்கையை அன்று. மருந்து கொடுத்த பிறகும் ஊதா நிறம் குறையவில்லை என்பதற்காக மருந்து தோற்றது என்று முடிவு கட்டக்கூடாது. உள்ளே கிருமிகள் மாண்டு, பசை மட்டும் நிற்கலாம். உயிருள்ளவற்றை அறிய, படலத்தைப் பிரித்தெடுத்துத் தட்டில் வளர்த்துக் காலனிகளை (செல்கள் பெருகி உண்டாகும் திட்டுகளை) எண்ணலாம். வளர்சிதை மாற்றத்தைக் காட்டும் எக்ஸ்.டி.டி. சோதனையும் உண்டு. அறிக்கையைத் தமிழில் எழுதுபவர்கள் சாயம் காட்டும் அளவைப் ‘படலத் திரள்’ என்றும், காலனிகளை எண்ணிப் பெறுவதை ‘படலத்திலுள்ள உயிர்ச்செல் எண்ணிக்கை’ என்றும் பிரித்தே எழுத வேண்டும்.