வற்றிய கண்மாய்க்கு மீன் வரும் வழி

கோடை முழுக்க வெடித்துக் கிடந்து ஆடு மேய்ந்த கண்மாய், ஐப்பசி மழையில் நிரம்புகிறது. பங்குனியில் தண்ணீர் வற்றத் தொடங்கியதும் ஊரே ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக இறங்கி விரால், கெளுத்தி, கெண்டை என்று அள்ளுகிறது. பக்கத்தில் ஆறு கிடையாது. குஞ்சு வாங்கி விடாத வருடத்திலும் மீன் இருக்கிறது. "மழை பெஞ்சா மீன் தானா வரும்" என்பார்கள் பெரியவர்கள். தானாக வருவது உண்மைதான். ஆனால் எல்லா மீனும் ஒரே வழியில் வருவதில்லை. ஒரு நீர்நிலையில் எந்த மீன் இருக்கிறது என்று பார்த்தால், அது வந்த வழியைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

முதல் வழி தண்ணீரேதான். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய்கள் சங்கிலித் தொடராக வெட்டப்பட்டவை. மேல் கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்தால், அந்தத் தண்ணீர் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. வருடத்தில் பதினோரு மாதம் தனித்தனியாகக் கிடக்கும் இரண்டு கண்மாய்கள், பெருமழை பெய்யும் சில நாட்களில் ஒரே நீர்நிலை ஆகிவிடுகின்றன. மீனுக்கு அந்தச் சில நாட்கள் போதும்.

தண்ணீரோடு கீழே அடித்து வரப்படுவது பாதிக் கதை. மீதிப் பாதி, எதிர்த்து ஏறுவது. புது வெள்ளத்தின் ஓட்டம் உடம்பில் பட்டதும் பல நாட்டு மீன்கள் ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பி நீந்தும். முட்டையிடும் பருவமும் அதுதான். சினை பிடித்த கெண்டையும் கெளுத்தியும் வாய்க்கால் வழியாக வயலுக்குள் ஏறுவதால்தான் மழை இரவில் டார்ச் லைட்டும் கூடையுமாக வரப்பில் ஆள் நிற்கிறார்கள். புதிதாக நீர் தேங்கிய ஆழமற்ற இடத்தில் குஞ்சைத் தின்னும் பெரிய மீன் குறைவு, நுண்ணுயிர் இரை அதிகம். அங்கே பொரித்த குஞ்சுகள், தண்ணீர் வடியும்போது எந்தப் பள்ளத்துக்குப் போய்ச் சேர்கின்றனவோ அதுதான் அவற்றின் ஊர்.

வாய்க்கால்கூட வேண்டாம், ஈரத் தரை போதும் என்று போகிற மீனும் உண்டு: பனையேறிக் கெண்டை. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு இதற்கு இருக்கிறது. அதன் வழியாகக் காற்றை நேரடியாக மூச்சு வாங்கும். நடக்கும் விதத்தை நின்று பார்க்க வேண்டும். செவுள் மூடியை அகல விரிக்கும். அதன் ஓரத்தில் வரிசையாக இருக்கும் முட்கள் மண்ணில் ஊன்றும். வாலை ஒரு உதறு உதறி உடம்பை முன்னே தள்ளும். அப்புறம் அடுத்த பக்கத்து மூடி. மழை ஈரத்தில் ஒரு குட்டையிலிருந்து அடுத்த குட்டைக்கு இப்படியே போய்ச் சேரும். டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, 1791இல் தரங்கம்பாடியில் குளத்தங்கரைப் பனை மரத்தில் இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதினார். மரம் ஏறும் மீன் என்ற பேர் உலகம் முழுக்கப் பரவியது அதிலிருந்துதான். பனை ஏறுவதை நான் நம்பத் தயங்குகிறேன். வரப்பைத் தாண்டுவதில் சந்தேகமே இல்லை.

விரால் வேறு மாதிரி. பல நேரங்களில் அது வருவதே இல்லை, போகாமல் இருக்கிறது. தண்ணீர் வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து, காற்றை மூச்சு வாங்கிக்கொண்டு, ஈரம் இருக்கும்வரை அசையாமல் கிடக்கும். மேலே வெடிப்பு விழுந்த கண்மாயில் மண்வெட்டியால் தோண்டி விரால் எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

முட்டை மண்ணுக்குள் கிடந்து அடுத்த மழையில் பொரிக்கிறது என்ற நம்பிக்கையும் நம்மிடம் உண்டு. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் அப்படிச் செய்யும் கில்லி மீன்கள் இருக்கின்றன. காய்ந்த மண்ணில் கரு வளர்ச்சியை நிறுத்திவைத்து மாதக்கணக்கில் காத்திருக்கும். நம் கெண்டைக்கும் விராலுக்கும் அந்தத் திறமை இல்லை. முட்டை காய்ந்தால் செத்தது.

சரி, பறவை கொண்டுவருமா? கொக்கின் காலில் முட்டை ஒட்டிக்கொண்டு வருகிறது என்பது நெடுநாள் நம்பிக்கை. அதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. கிடைத்தது எதிர்பாராத வழியில், வயிற்றின் வழியாக. ஹங்கேரி ஆய்வாளர்கள் எட்டு காட்டு வாத்துகளுக்குச் சாதாக் கெண்டை, பிரஷ்யக் கெண்டை இரண்டின் முட்டைகளையும் ஆயிரக்கணக்கில் ஊட்டி, எச்சத்தைச் சேகரித்துத் தேடினார்கள். முழுதாக வெளிவந்தவை 18, ஆயிரத்துக்கு இரண்டு என்ற கணக்கில். அவற்றில் 12இல் கரு உயிரோடு இருந்தது. 3 குஞ்சுகள் பொரித்தன. 2020இல் வெளியான முடிவு இது. மிகச் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் ஒரு பெரிய கெண்டை லட்சக்கணக்கில் முட்டை இடுகிறது, வாத்துகளும் கூட்டமாக வந்து தின்கின்றன என்னும்போது அதை ஒதுக்கிவிட முடியாது.

இருந்தாலும் பறவைதான் முக்கிய வழி என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் சியரா நெவாடா மலையில், அருவிகளுக்கு மேலே இருக்கும் உயரத்து ஏரிகளில் பெரும்பாலானவை பனியுகம் முடிந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மீனே இல்லாமல் இருந்தன. பறவைகள் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தன. மனிதர்கள் கோவேறு கழுதைமேல் ஏற்றியும், பிறகு விமானத்திலிருந்து கொட்டியும் டிரவுட் மீனை விட்ட பிறகே அங்கே மீன் வந்தது. மீன் மழையும் நிஜம்தான். 1947இல் லூசியானாவின் மார்க்ஸ்வில் ஊரில் விழுந்ததை ஓர் உயிரியலாளரே பார்த்துப் பதிந்தார். ஆனால் குளம் குளமாக மீன் நிரப்பும் அளவுக்கு அது நடப்பதில்லை.

மனிதக் கைக்கு வருவோம். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஓடும் ஆற்றில் முட்டையிடுபவை. தேங்கிய குளத்தில் எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும் தாமாக இனம் பெருக்குவதில்லை. 1957இல் ஒடிசாவின் அங்குலில் மீன் விஞ்ஞானி ஹிராலால் சௌத்ரி, மூளைக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி போட்டு இந்த வகைக் கெண்டைகளை முட்டையிட வைத்த பிறகுதான் பண்ணைக் குஞ்சு ஊர் ஊராகப் போனது. ஆகவே தனிக் குளத்தில் கட்லா கிடைத்தால் யாரோ குஞ்சு விட்டிருக்கிறார்கள், அல்லது குஞ்சு விட்ட குளத்திலிருந்து வெள்ளத்தில் தப்பி வந்திருக்கிறது. ஜிலேபிக் கெண்டையும் கொண்டுவரப்பட்டதே. 1952இல் இந்தியாவுக்குள் வந்தது. முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள் வைத்துக் காப்பதால் ஒரு முறை விட்டால் தானே பெருகிக்கொள்ளும்.

வரத்துக் கால்வாயை மூடி ரோடும் வீடும் வந்துவிட்ட கண்மாய்கள் இன்று நிறைய. அங்கேயும் மழை நீர் தேங்கும், குத்தகைக்காரர் விட்ட கட்லாவும் ஜிலேபியும் வலை நிறையக் கிடைக்கும். அயிரை, ஆரால், சின்னக் கெண்டை வகைகள் ஒரு கோடையில் முழுக்கச் செத்துப்போனால், மேல் கண்மாயிலிருந்து திரும்பி வர அவற்றுக்கு வழி இல்லை. அவற்றைக் காசு கொடுத்து வாங்கி விடுபவர்களும் யாரும் இல்லை.