ராணிகள் போன பிறகு எழும் பெர்லின் சுவர்

2000-ஆம் ஆண்டு லண்டனில் நடந்த செஸ் உலக சாம்பியன் போட்டியில் கேரி காஸ்பரோவ் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. எதிரே இருந்த விளாதிமிர் கிராம்னிக், கறுப்புக் காய்களோடு நான்கு தடவை ‘பெர்லின் சுவர்’ எனப்படும் பெர்லின் டிஃபென்ஸ் என்ற தற்காப்பு முறையை ஆடினார். நான்கும் டிரா. 8.5–6.5 என்ற கணக்கில் பட்டம் கை மாறியது.

ரூய் லோபஸ் என்ற ஓப்பனிங்கின், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் நகர்வு வரிசையின், ஒரு கிளை இது. வெள்ளையின் பிஷப் பி5-க்கு (பி வரிசையின் ஐந்தாம் கட்டம்) வந்து சி6 குதிரையை மிரட்டுகிறது. கறுப்பு அதைக் கண்டுகொள்ளாமல் இன்னொரு குதிரையை எஃப்6-ல் இறக்குகிறது. வெள்ளை கோட்டை கட்டியதும் (ராஜாவை ஓரமாக ஒதுக்கி யானையை அதன் மறுபக்கம் நிறுத்தும் நகர்வு) அந்தக் குதிரை இ4 சிப்பாயை வெட்டுகிறது. அப்புறம் மளமளவென்று வெட்டுகள். எட்டாவது நகர்வில் இரண்டு ராணிகளும் பலகையில் இல்லை. கறுப்பு ராஜா டி8-ல், இனி கோட்டை கட்டவே முடியாமல் நிற்கிறது.

முதல்முறை பார்ப்பவர்கள் வெள்ளைதான் மேலே என்பார்கள். காரணமும் உண்டு. ராஜா பக்கத்தில், அதாவது இ முதல் எச் வரையிலான பாதியில், வெள்ளைக்கு நான்கு சிப்பாய்கள், கறுப்புக்கு மூன்று. இன்னொரு பக்கத்தில் கறுப்புக்கு நான்கு இருந்தாலும் இரண்டு சி வரிசையிலேயே ஒன்றன்முன் ஒன்றாக நிற்கின்றன. அவற்றை வைத்து ஒரு சிப்பாயைக் கடைசிவரை ஓட்டுவது கடினம். மற்ற காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டு ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால், பெரும்பாலும் வெள்ளைக்கே வெற்றி.

சரி, பிறகு ஏன் இந்தச் சுவர் உடையவில்லை? இ6 கட்டத்தைப் பாருங்கள், எனக்கு இந்த ஓப்பனிங்கில் மிகவும் பிடித்த இடம் அதுதான். வெள்ளைச் சிப்பாய் இ5 வரை ஏறிவிட்டது. அதற்கு முன்னால் உள்ள இ6 வெள்ளைக் கட்டம். அந்த நிறக் கட்டங்களில் ஓடும் பிஷப்பை வெள்ளை ஏற்கெனவே சி6 குதிரைக்காகக் கொடுத்துவிட்டது. அதனால் கறுப்புக் காய் ஒன்று இ6-ல் உட்கார்ந்தால் கிளப்புவது லேசில்லை. இ சிப்பாய் நகராவிட்டால் நான்குக்கு மூன்று என்ற பலம் ஏட்டளவில்தான். கறுப்பிடம் இரண்டு பிஷப்புகளும் பத்திரமாக இருக்கின்றன. நடுவில் மாட்டிக்கொண்ட ராஜாவைத் துரத்தவோ ராணி இல்லை; ஆபத்தாகத் தெரிந்த அதே ராஜா மெல்ல நடந்து சிப்பாய்களுக்குக் காவலாக நிற்கிறது.

காஸ்பரோவ் இந்தச் சுவரில் மோதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். டிராவுக்காக அவர் உட்காரவில்லை. ராணியும் காய்களும் நிறைந்த தாக்குதல் ஆட்டத்தில் அவரை மிஞ்ச ஆளில்லாத காலம் அது. அந்த ஆட்டமே பலகையில் வராமல் பார்த்துக்கொண்டார் கிராம்னிக்.