எண்ணுக்கு முன்னால் நிற்கும் சொல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருந்துத் தாளின் தமிழாக்கம் சரிபார்ப்புக்காக என் மேசைக்கு வந்தது. 500 மில்லிகிராம் பாரசிட்டமால். ஆங்கில மூலத்தில் பெரியவர்களுக்கான அளவு மிகச் சுருக்கம்: ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு மாத்திரை, இரண்டு வேளைகளுக்கு நடுவே 'அட் லீஸ்ட் ஃபோர் ஹவர்ஸ்', அதாவது குறைந்தது நான்கு மணி நேரம், 24 மணி நேரத்தில் எட்டு மாத்திரைக்கு மேல் கூடாது. தமிழில் அது "நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டு மாத்திரை எடுத்துக்கொள்ளவும்" என்று ஆகியிருந்தது. எட்டு மாத்திரை வரம்பு பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு மணிக்கு ஒரு முறை என்றால் ஒரு நாளைக்கு ஆறு வேளை, பன்னிரண்டு மாத்திரை, 6 கிராம். வரம்பு 4 கிராம். அளவு மீறிய பாரசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும். முதல் ஓரிரு நாள் பெரிதாக ஒன்றும் காட்டிக்கொள்ளாது என்பதுதான் அதன் கொடுமை.

மொழிபெயர்த்தவர் கற்றுக்குட்டி இல்லை. 'அட் லீஸ்ட்' என்றால் என்னவென்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லிவிடுவார். ஆனால் அவர் கண் 'நான்கு' என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் நின்ற இரண்டு குட்டிச் சொற்களைத் தாண்டிப் போய்விட்டது. இருபது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கும் இது நடக்கிறது. காரணம் கவனக்குறைவு மட்டும் அன்று என்பது என் எண்ணம். எண்ணுக்கு வரம்பு கட்டும் சொல்லை வேலி என்று வைத்துக்கொள்வோம். நம் மொழியில் வேலி எண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. நான்கு மணி நேரமாவது, எட்டு வரை, பத்து நாளுக்குள், நூற்றுக்கு மேல். 'குறைந்தது', 'சுமார்' போல முன்னால் வருபவையும் உண்டு. ஆனால் அன்றாடம் பாரம் சுமப்பவை இந்த ஆவதும் வரையும் உள்ளும்தான். எண்ணைக் கேட்ட பிறகு காதைத் தீட்டிப் பழகியவர்கள் நாம். ஆங்கிலமோ வேலியை முதலில் போட்டுவிட்டு எண்ணைப் பிறகு சொல்கிறது. நாம் காதைத் தீட்டும்போது வேலி கடந்து போயிருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எந்த ஆவணம் வந்தாலும் முதல் வேலை, சிவப்புப் பென்சிலால் எண்களை வட்டமிடுவது. வட்டம் எண்ணிலிருந்து தொடங்காது. அதற்கு முந்தைய இரண்டு சொற்களிலிருந்து தொடங்கும்.

இதே பென்சிலோடு கடைத்தெருவில் நடந்தால் நல்ல வேடிக்கை. ஜவுளிக் கடைப் பலகையில் '50 சதவீதம்' யானை அளவில் இருக்கும்; 'அப் டு' எறும்பு அளவில் இருக்கும். மூலையில் சாயம் போன ஒரே ஒரு சட்டைக்கு 50 சதவீதத் தள்ளுபடி கொடுத்துவிட்டால் அந்த வாக்கியம் பொய்யாகாது. கடன் விளம்பரத்தில் 'அப் டு' மறைந்து 'ஃப்ரம்' வந்துவிடும். தள்ளுபடிக்குக் கூரையைக் காட்டுகிறார்கள், வட்டிக்குத் தரையைக் காட்டுகிறார்கள். இரண்டிலும் நாம் நிற்கப்போகும் இடம் நடுவில் எங்கோ இருக்கிறது.

சட்ட வாசகத்தில் இது இன்னும் முறுக்கிக்கொள்ளும். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், 101ஆம் பிரிவு, பொதுக்கூட்ட அறிவிப்பு 'நாட் லெஸ் தேன் கிளியர் ட்வென்டி ஒன் டேஸ்' முன்னதாகத் தரப்பட வேண்டும் என்கிறது. 'நாட்' ஒரு மறுப்பு, 'லெஸ்' ஒரு குறைப்பு. இரண்டும் சேர்ந்தால் '21 நாளாவது' என்று பொருள். 'கிளியர்' என்பதால் அறிவிப்பு போன நாளும் கூட்டம் நடக்கும் நாளும் கணக்கில் சேரா. இதை "21 நாட்களுக்குள்" என்று நேர்மாறாக எழுதிய தமிழாக்கத்தைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமைகளில் வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் செவிலியர்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். அங்கே சிக்கல் எண்ணில் இல்லை, 'டூ' என்ற சொல்லில். ஒரு பயிற்சி உரையாடலில், நோயாளியாக நடித்தவரிடம் ஒரு பெண் மலர்ந்த முகத்தோடு "யுவர் பிரஷர் இஸ் டூ குட்" என்றார். நம் ஊரில் அது பாராட்டு. லண்டன் நோயாளியோ, இரத்த அழுத்தம் நன்றாக இருப்பதிலும் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று குழம்புவார்.

பேச்சுத் தமிழில் 'ரொம்ப' என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. காப்பி ரொம்பச் சூடு என்றால், மெச்சுகிறாரா கடிந்துகொள்கிறாரா என்பது சொல்பவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஆங்கிலத்தில் 'வெரி ஹாட்' வெறும் அளவு. 'டூ ஹாட்' வரம்பு மீறிய அளவு. எந்த வரம்பு என்பதைப் பெரும்பாலும் பின்னால் வரும் குறில் 'டு' சொல்லும்: 'டூ ஹாட் டு டிரிங்க்'. இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். குடிக்க முடியாத அளவுக்குச் சூடு. அந்த 'முடியாத' எங்கிருந்து வந்தது? ஆங்கில வாக்கியத்தில் 'நாட்' இல்லை, 'கான்ட்' இல்லை. மறுப்பு 'டூ'வின் வயிற்றுக்குள் இருக்கிறது. பணி மாறும்போது எழுதிவைக்கும் குறிப்பில் 'டூ வீக் டு வாக்' என்று இருந்தால் அவர் நடக்க முடியாதவர். ரொம்பப் பலவீனமாக நடப்பவர் என்று படித்துவிட்டு அவரைக் கட்டிலிலிருந்து இறக்கி நிறுத்தினால் என்ன ஆகும் என்று வகுப்பில் கேட்டேன். அதற்குப் பிறகு அந்தச் சொல்லுக்குத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஒப்பீட்டுக்கு வருவோம். ரயில் பஸ்ஸைவிட வேகம். இந்த வாக்கியத்தில் 'வேகம்' என்ற சொல்லுக்கு ஒன்றுமே ஆகவில்லை. முழுப் பாரத்தையும் பஸ்ஸின் மேல் ஏறிய 'விட' சுமக்கிறது. ஆங்கிலம் அதைப் பிரித்து, பாதியை 'ஃபாஸ்டர்' என்பதன் வாலிலும் பாதியை 'தேன்' என்பதிலும் வைக்கிறது. வாலை மறந்தால் 'ஃபாஸ்ட் தேன்'. பயந்துபோய் ஒன்று கூடுதலாகச் சேர்த்தால் 'மோர் ஃபாஸ்டர்'. பின்னதைச் சொல்லிவிட்டு யாரும் கூனிக்குறுக வேண்டாம். நானூறு ஆண்டுகளுக்கு முன் லண்டன் நாடக மேடையில் இப்படி இரட்டை ஒப்பீடு சகஜம். அதைப் பிழை என்று ஒதுக்கியவர்கள் பின்னால் வந்த இலக்கணக்காரர்கள். 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்' ஆகியவை இலத்தீன் வீட்டுப் பிள்ளைகள். அவற்றுக்குத் 'தேன்' பிடிக்காது, 'டு' வேண்டும்.

தமிழின் இந்த அமைப்பால் நமக்கு ஒரு லாபம் உண்டு. 'விட' தனியாக நிற்காது, ஒரு பெயரைப் பற்றிக்கொள்ள வேண்டும். எனவே எந்த ஆங்கில ஒப்பீட்டைப் பார்த்தாலும் "எதைவிட?" என்று கேட்டுவிடலாம். 'மோர் புரோட்டீன்' எதைவிட? 'லெஸ் ஃபேட்' எதைவிட? உணவுப் பொருட்களுக்கான பன்னாட்டு நெறிமுறையான கோடெக்ஸ், 1997ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலேயே இதைக் கேட்டிருக்கிறது: எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று சொல்ல வேண்டும், வித்தியாசம் 25 சதவீதமாவது இருக்க வேண்டும். சரி, 100 கிராமில் 36 கிராம் கொழுப்பு இருந்த வறுவல் 27 கிராமுக்கு இறங்கினால் 'லெஸ் ஃபேட்' ஆகிவிடுகிறது. 'லோ ஃபேட்' என்று போட, திடப் பொருளில் 100 கிராமுக்கு 3 கிராமைத் தாண்டக் கூடாது. ஒன்று ஒப்பீடு, மற்றது அளவு. தமிழில் இரண்டையும் 'குறைந்த கொழுப்பு' என்று எழுதிவிட்டுப் போகிறோம்.

ஒப்பீடு எதைவிட என்று சொன்ன பிறகும் ஏமாற்றலாம். 1995 அக்டோபரில், மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் ஆபத்து, முந்தைய தலைமுறை மாத்திரைகளைவிடச் சுமார் இரண்டு மடங்கு ஆகிறது என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. செய்தி உண்மைதான். 7,000 பெண்களில் ஒருவருக்கு நேர்ந்தது இருவருக்கு நேரும் என்பதுதான் அந்த இரண்டு மடங்கு. ஆனால் அந்த ஒன்றும் இரண்டும் யார் காதிலும் விழவில்லை, மடங்கு மட்டும் விழுந்தது. பெண்கள் மாத்திரையைக் கைவிட்டார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அடுத்த ஆண்டு கூடுதலாகச் சுமார் 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாகக் கணக்கிட்டார்கள். கர்ப்பம் தரித்தாலே இரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரை தருவதைவிட அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். (நம் செய்தித்தாள்களில் வரும் 'மூன்று மடங்கு குறைவு' எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒரு மடங்கு குறைந்தாலே மிச்சம் ஒன்றும் இருக்காதே.)

கடைசியாக ஒன்று, ஓர் எழுத்து விவகாரம். போன ஆண்டு ஒருவர், வெளிநாட்டில் பக்கவாதத்தில் விழுந்த அண்ணனின் மருத்துவ அறிக்கையைத் தமிழாக்கக் கொண்டுவந்தார். இடது கையைப் பற்றி 'லிட்டில் இம்ப்ரூவ்மென்ட்' என்று இருந்தது. கொஞ்சம் முன்னேற்றம் என்று அவரே படித்து, அம்மாவிடம் சொல்லிவிட்டிருந்தார். கொஞ்சம் முன்னேற்றம் என்றால் முன்னால் 'எ' இருந்திருக்க வேண்டும், 'எ லிட்டில்'. அது இல்லாதபோது, முன்னேற்றம் அநேகமாக இல்லை என்று பொருள். 'ஃபியூ', 'எ ஃபியூ' கதையும் இதுதான்.

அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். "அந்த ஓர் எழுத்து தட்டச்சில் விட்டுப்போயிருக்கலாம் அல்லவா, சார்?" என்றார். இருக்கலாம். அதைச் சொல்லின் மேல் நின்று தீர்மானிக்க முடியாது. எத்தனை விரல் மடங்குகிறது, கை எந்த உயரம் வரை எழுகிறது என்று கேட்டு இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: இரண்டு விரல் மடங்குகிறது, கை இன்னும் எழவில்லை. அம்மாவிடம் அதை அப்படியே சொன்னாராம்.